தப்புச் செய்த டிராகன் வேண்டும்

குழந்தைக் கதைகளில் டிராகனின் குணம் மாறி நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. 1898-இல் பிரிட்டனின் கென்னத் கிரஹாம் எழுதிய ஒரு கதையில், பெர்க்‌ஷயர் குன்றுப் பக்கம் வந்து தங்கும் டிராகன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்வதில்லை. வெயில் காய்வதும் கவிதை கட்டுவதுமாகப் பொழுதைக் கழிக்கிறது. ஊரார்தான் அதைக் கண்டு நடுங்குகிறார்கள். டிராகன்களைக் கொல்வதில் பேர்போன புனித ஜார்ஜ் வந்து சேர்கிறார். ஒரு சிறுவன் நடுவில் நின்று சமரசம் பேச, ஜார்ஜும் டிராகனும் ஊர் பார்க்கப் பொய்ச் சண்டை ஒன்று போட்டுவிட்டு விருந்தில் ஒன்றாக உட்காருகிறார்கள். அருமையான கதை. அதற்குப் பிறகு வந்த படக்கதைகளிலும் அனிமேஷன் படங்களிலும் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போகின்றன: டிராகன் நல்லது, நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டோம். இவற்றைத் திருந்திய டிராகனின் கதைகள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. தப்பே செய்யாத உயிர் எதிலிருந்து திருந்தும்? கெடுதல் செய்து, அதை உணர்ந்து, ஈடுகட்டப் பாடுபடும் டிராகன் வேறு. அது குழந்தைக் கதைகளில் அபூர்வமாகத்தான் வருகிறது. குழந்தைகளுக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான் என்பதே என் வாதம்.

உலகம் முழுக்கக் குழந்தைகள் பார்த்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படங்களையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் வந்த முதல் படத்தில் டிராகன்கள் வைக்கிங் கிராமத்தைத் தாக்கி ஆடுகளைத் தூக்கிப் போகின்றன, வீடுகளை எரிக்கின்றன. இது நிஜமான குற்றம். ஆனால் கதை பாதி போனதும், ஒரு ராட்சத ராணி டிராகனுக்கு இரை போட்டாக வேண்டிய கட்டாயத்தில்தான் அவை அப்படிச் செய்தன என்று தெரியவருகிறது. பழி முழுவதும் ராணியின் தலையில் விழ, மற்றவை சுத்தமாகிவிடுகின்றன. 2014-இல் வந்த இரண்டாம் படம் இன்னும் துணிந்து ஓர் இடத்துக்குப் போகிறது. நாயகன் ஹிக்கப்பின் தந்தை, அவனுடைய உயிர்த்தோழனான டூத்லெஸ் என்ற டிராகனின் நெருப்பிலேயே சாகிறார். இதைவிடப் பெரிய கேள்வியை ஒரு குழந்தைப் படம் எழுப்ப முடியாது. அங்கேயும் படம் பின்வாங்குகிறது: டூத்லெஸின் மனதை இன்னொரு ராட்சத டிராகன் கட்டுப்படுத்தியிருந்ததாம். ஆகவே அது செய்யவில்லை, செய்ய வைக்கப்பட்டது. இந்தப் படங்களை நான் மட்டமாகச் சொல்லவில்லை. முதல் படத்தில் உண்மையாகவே தப்புச் செய்து, உண்மையாகவே பரிகாரம் தேடும் ஒருவன் இருக்கிறான், அவன் ஹிக்கப். அவன் எய்த பொறியால்தான் டூத்லெஸின் வால் துடுப்பு ஒன்று அறுந்து, அதனால் பறக்க முடியாமல் போகிறது. அவனே பட்டறையில் உட்கார்ந்து தோலும் இரும்பும் வைத்து மாற்றுத் துடுப்பு செய்து, பொருத்திப் பார்த்து, திரும்பத் திரும்பச் சரிசெய்து அதைப் பறக்க வைக்கிறான். படத்தின் உயிரே அந்தக் காட்சிகள்தான். கெடுத்த கையே சீர்செய்ய வேண்டும் என்பது அந்தப் படத்தை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வாய்ப்பை டிராகனுக்குத் தர மட்டும் மனம் வரவில்லை.

இது ஏன் முக்கியம்? கதை கேட்கும் குழந்தை, கதைக்கு வெளியே, தப்புச் செய்யும் குழந்தையும்கூட. தம்பியைத் தள்ளிவிட்டிருக்கும், பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் பென்சிலை ஒடித்திருக்கும், பொய் சொல்லியிருக்கும். தான் செய்ததை அது அறியும். 'உன்னை யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்கிற கதை அந்தக் குழந்தைக்கு எந்த வழியும் காட்டாது. அதன் விஷயத்தில் எல்லாரும் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்! சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே 1932-இல் வெளியிட்ட குழந்தைகளின் நீதியுணர்வு பற்றிய நூலில் ஒரு சோதனை வருகிறது. சாப்பிடக் கூப்பிட்டதும் கதவைத் திறந்து வருகிற ஒரு பையன், கதவுக்குப் பின்னால் இருந்தது தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்துவிடுகிறான். அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருட அலமாரியில் கைவிடும் இன்னொருவன் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் பெரிய குற்றவாளி? சின்னக் குழந்தைகளில் பலர் பதினைந்து உடைத்தவனையே சொன்னார்கள். வயது ஏற ஏற, திருடப் போனவனைச் சொன்னார்கள். தண்டனை பற்றிக் கேட்டபோதும் இதேபோல் ஒரு நகர்வு தெரிந்தது. சிறியவர்கள் கடுமையான தண்டனையே நியாயம் என்றார்கள். பெரியவர்கள் செய்த தப்போடு பொருந்துகிற தண்டனையை, உடைத்ததைச் சரிசெய்து தருவது போன்றதை, விரும்பினார்கள். வலியிலிருந்து ஈடுகட்டலுக்குப் போகும் இந்தப் பாதையில்தான் குழந்தை மனம் வளர்கிறது. கதை அதற்குத் துணை நிற்க வேண்டும்.

அப்படித் துணை நிற்கிற ஒரு கதை 1968-இல் வெளிவந்த டெட் ஹ்யூஸின் 'தி அயர்ன் மேன்'. பின்னாளில் பிரிட்டனின் அரசவைக் கவிஞரான ஹ்யூஸ், ஐந்து இரவுகளில் சொல்லி முடிக்கும் கதையாக இதை எழுதினார். முதல் மூன்று இரவுகள், பண்ணைகளின் இரும்பையெல்லாம் தின்று தீர்க்கும் இரும்பு மனிதனைப் பற்றியவை. அடுத்து விண்வெளியிலிருந்து ஒரு டிராகன் வந்து இறங்குகிறது. இறங்கும்போதே ஆஸ்திரேலியா முழுவதும் அதன் உடம்புக்கு அடியில் போய்விடுகிறது. தனக்கு உயிருள்ளவை இரையாக வேண்டும், இல்லையென்றால் ஊர்களையெல்லாம் அழித்துவிடுவேன் என்கிறது. நாடுகள் எல்லாம் சேர்ந்து குண்டு போட்டும் அதன் மேல் கீறல் விழவில்லை. கடைசியில் இரும்பு மனிதன் ஒரு பந்தயம் கட்டுகிறான்: நான் எரியும் பெட்ரோலுக்கு மேல் படுக்கிறேன், நீ சூரியனில் போய்ப் படு, தாங்க முடியாமல் நீ விட்டுவிட்டால் எனக்கு அடிமை. இரண்டு முறை சூரியனுக்குப் போய்க் கருகித் திரும்பிய டிராகன் மூன்றாம் முறைக்கு மறுத்துத் தோல்வியை ஒப்புக்கொள்கிறது.

கதையின் மிக முக்கியமான உரையாடல் அதற்குப் பிறகுதான். உன்னால் என்ன செய்ய முடியும் என்று இரும்பு மனிதன் கேட்கிறான். தான் ஒரு நட்சத்திர ஆவி என்றும், விண்வெளியில் பாடுவதே தன் வேலை என்றும் டிராகன் சொல்கிறது. பின் ஏன் பூமியைத் தின்ன வந்தாய்? மனிதர்களின் போர்க் கூச்சலைக் கேட்டுக் கேட்டுத் தனக்கும் வெறி ஏறிவிட்டது என்கிறது. ஹ்யூஸ் இங்கே கதையை முடித்திருந்தால் இதுவும் இன்னொரு 'பாவம், அது என்ன செய்யும்' கதையாகியிருக்கும். அவர் முடிக்கவில்லை. காரணத்தைக் காது கொடுத்துக் கேட்ட பிறகும் இரும்பு மனிதன் டிராகனை விட்டுவிடுவதில்லை. ஒவ்வோர் இரவும் பூமியைச் சுற்றிவந்து பாட வேண்டும் என்பது தீர்ப்பு. டிராகன் நிலாவுக்குள் குடியேறிப் பாடுகிறது. அந்தப் பாட்டைக் கேட்டு மனிதர்கள் ஆயுதம் செய்வதை நிறுத்துகிறார்கள். தண்டனையும் தொழிலும் ஒன்றாகிவிடுவதைக் கவனியுங்கள். டிராகனிடம் எது மிகச் சிறந்ததோ, எதைக் கைவிட்டுவிட்டு அது அழிக்க வந்ததோ, அதையே திரும்ப எடுத்துச் செய்யச் சொல்கிறது தீர்ப்பு. 1999-இல் பிராட் பேர்ட் இயக்கிய 'தி அயர்ன் ஜயன்ட்' இந்தக் கதையிலிருந்து பிறந்த நல்ல படம். ஆனால் அதில் டிராகனே இல்லை. அந்தப் படத்தை மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு நான்காம், ஐந்தாம் இரவுகள் போய்ச் சேரவில்லை.

ஹ்யூஸுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் முன்பே சீனர்கள் இப்படி ஒரு டிராகனைப் படைத்துவிட்டார்கள். 1592-இல் அச்சான 'மேற்குப் பயணம்' நாவலை, குரங்கு அரசனின் சாகசமாகச் சுருக்கித்தான் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். அதில் மேற்கு நோக்கிப் பயணம் போகும் புத்தத் துறவி அமர்ந்து வரும் வெள்ளைக் குதிரையைப் பலர் கவனிப்பதே இல்லை. அது மேற்குக் கடல் டிராகன் அரசனின் மகன். அரண்மனையில் இருந்த அரிய முத்தைத் தீயிட்டு அழித்தவன். பெற்ற தகப்பனே புகார் கொடுக்க, மரண தண்டனை விதிக்கப்பட்டவன். போதிசத்துவர் குவான்யின் பரிந்து பேசி அவனைக் காப்பாற்றி, வரப்போகும் துறவிக்காகக் காத்திருக்கச் சொல்லி ஒரு மலை ஓடையில் விடுகிறார். அங்கேயும் அவன் பசியில், யாருடையது என்று தெரியாமல், அந்தத் துறவியின் குதிரையையே விழுங்கிவிடுகிறான். அதற்கு ஈடு என்ன? விழுங்கிய குதிரையின் இடத்தில் இனி அவனே நிற்க வேண்டும். இளவரசன் பல்லாயிரம் கல் தூரம் முதுகில் ஆள் சுமக்கிறான், வழியெல்லாம் அநேகமாகப் பேசாமல். முக்கியமான ஓர் இடத்தில் அந்த மௌனம் உடைகிறது. துறவி மந்திரத்தால் புலியாக்கப்பட்டுக் கூண்டில் கிடக்கிறார், குரங்கு அரசன் ஏற்கெனவே விரட்டப்பட்டுவிட்டான். குதிரை டிராகனாக மாறித் தனியாகப் போய் அரக்கனோடு மோதிக் காலில் அடிபட்டுத் திரும்புகிறது. எஞ்சியிருக்கும் சீடனான பன்றிமுகத்தோன், பயணம் முடிந்தது, நீ கடலுக்குப் போ, நான் மாமனார் வீட்டுக்குப் போகிறேன் என்கிறான். குதிரை அவன் அங்கியைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கண்ணீர் விடுகிறது. குரங்கு அரசனைப் போய் அழைத்து வா என்று கெஞ்சுகிறது. வீட்டுக்குப் போக வழி திறந்திருந்தும் அது போகவில்லை. தண்டனையாக ஏற்ற வேலை அந்த நிமிஷத்தில் அதன் சொந்த வேலையாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட கதைகளுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று மிகவும் கனமானது. கொடுமை செய்தவரை மன்னிக்கும் கதைகள், கொடுமைக்கு ஆளான குழந்தையிடம் 'நீயும் மன்னித்துவிடு, பக்கத்திலேயே இரு' என்று சொல்லிவிடாதா? அடித்தவரோடு கைகுலுக்கும்படி அடிபட்ட பிள்ளையை வற்புறுத்துவது நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நடப்பதுதான். ஆகவே இந்தக் கவலையை லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் நல்ல கதைகள் அதைச் செய்வதில்லை. ஹ்யூஸின் டிராகன் நிலாவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் யாரும் அதைக் கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. அந்தச் சீனத் துறவிக்கு முன்மாதிரியான நிஜ யுவான் சுவாங், 646-இல் எழுதி முடிக்கப்பட்ட தம் பயண நூலில் அபலாலன் என்ற நாகத்தின் கதையைப் பதிவு செய்திருக்கிறார். இன்றைய பாகிஸ்தானின் சுவாத் ஆற்றுத் தலைப்பில் இருந்த நாகம் அது. முற்பிறவியில் மந்திரத்தால் புயல் வெள்ளத்தைத் தடுத்து ஊரைக் காத்த மனிதன். ஊரார் தருவதாகச் சொன்ன தானியத்தைச் சிலர் கொடுக்காமல் விட்ட கோபத்தில் நாகமாகப் பிறந்து பயிர்களை வெள்ளத்தில் அழித்தான். புத்தர் வந்து அவனை அடக்குகிறார். அவன் மனக்குறையில் நியாயம் இருந்தது; அதற்காக அவன் செய்த அழிவு நியாயமாகிவிடவில்லை. பயிர்தான் என் உணவு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்துக்கொள்ள விடுங்கள் என்று அவன் முறையிட, அதை மட்டும் அனுமதித்துப் புத்தர் வரம்பு கட்டுகிறார். உழவர்கள் அவனோடு உறவாட வேண்டியதில்லை. வரம்பை அவன் மதிக்கிறானா என்பதுதான் கேள்வி. திருந்துவது கெடுதல் செய்தவரின் வேலை, மன்னிப்பது கெடுதல்பட்டவரின் உரிமை. இரண்டையும் தனித்தனியாக வைக்கிற கதை, பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் பாதுகாப்பானது.

ஒரே நாளில் குணம் மாறுவது பொய்யல்லவா என்பது இன்னொரு கேள்வி. பொய்தான், அப்படிச் சொல்கிற கதைகளைத் தள்ளிவிடலாம். சி. எஸ். லூயிஸ் 1952-இல் வெளியிட்ட நார்னியா நாவலில் யூஸ்டஸ் என்ற சுயநலக்காரச் சிறுவன், டிராகனின் புதையல் மேல் பேராசையோடு தூங்கி எழுந்ததும் டிராகனாகிவிடுகிறான். அந்த உருவத்திலேயே கப்பல்காரர்களுக்கு ஆடு பிடித்து வருகிறான், உடைந்த பாய்மரத்துக்குப் பெரிய பைன் மரத்தைப் பிடுங்கிச் சுமந்து வருகிறான், மழை பெய்யும் மாலைகளில் அவர்கள் சாய்ந்து சூடு காய உடம்பைத் தருகிறான். மனித உரு திரும்பி வந்த பிறகும் அவன் சில நாட்களில் பழையபடி சிடுசிடுத்தான் என்பதை லூயிஸ் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். குழந்தைக்கு வேண்டியது இந்த நேர்மைதான். நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்று மறுபடி தம்பியை அடித்த பிள்ளைக்கு, கதை அதோடு முடிந்துவிடவில்லை என்று யூஸ்டஸ் சொல்வான்.

பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்களும் தமிழில் எழுதுபவர்களும் டிராகனை, அரக்கனை, பூதத்தைக் கதைக்குள் கொண்டுவரும்போது அதன் குற்றத்தை அழித்துவிடாதீர்கள். அது எரித்த வீடு எரிந்ததாகவே இருக்கட்டும். பிறகு அந்த வீட்டைக் கட்ட அதை மண் சுமக்க விடுங்கள். அந்த வேலைக்குக் கதையில் போதுமான பக்கங்களை ஒதுக்குங்கள்.