கல்சுபாய் சிகரம்: ஒரே நாளில் ஏறி இறங்கத் திட்டமிடுவது எப்படி?

நாசிக்: மகாராஷ்டிராவின் மிக உயரமான சிகரமான கல்சுபாய், கடல் மட்டத்தில் இருந்து 1,646 மீட்டர் உயரம் கொண்டது. கயிறு, கொக்கி போன்ற கருவிகளோ, சிறப்புப் பயிற்சியோ இன்றி ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய மலை இது. எனினும், எளிதான மலை என்று எண்ணி முன்னேற்பாடு இன்றி வருவோருக்கு, ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே பெரும் சோதனையாகிறது. இந்த மலையேற்றத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

பாதை எப்படி இருக்கும்?

மேற்குத் தொடர்ச்சி மலையில், கல்சுபாய் - ஹரிச்சந்திரகட் வனவிலங்கு சரணாலயப் பகுதியில் இந்தச் சிகரம் அமைந்துள்ளது. அகோலே வட்டத்தைச் சேர்ந்த பாரி கிராமத்தில் இருந்து தொடங்கும் பாதையையே பெரும்பாலானோர் பயன்படுத்துகின்றனர். மும்பை - நாசிக் ரயில் வழித்தடத்தில் உள்ள இகத்புரியில் இறங்கி, சாலை வழியாக இந்தக் கிராமத்தை அடையலாம்.

வயல்வெளிகளைக் கடந்ததும் தொடர் ஏற்றம் தொடங்குகிறது. செங்குத்தான பாறைப் பகுதிகளில் இரும்பு ஏணிகளும் கைப்பிடிக் கம்பிகளும் பொருத்தப்பட்டுள்ளன. உச்சியில் கல்சுபாய் அம்மனுக்குச் சிறிய கோயில் உள்ளது. வானம் தெளிவாக இருந்தால் அலங், மதன், குலங் ஆகிய மலைக்கோட்டைகளையும், பண்டார்தரா அணையின் நீர்த்தேக்கத்தையும் அங்கிருந்து காண முடியும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

மலை நடைக்கான நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டு வகுத்த விதி இன்றும் உலகம் முழுவதும் பயன்பாட்டில் உள்ளது. அதன்படி ஒவ்வொரு 5 கிலோமீட்டர் தொலைவுக்கும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் எனக் கணக்கிட வேண்டும்.

கல்சுபாய்க்கு ஒரு வழியில் சுமார் 6 கிலோமீட்டர் நடை, 800 மீட்டர் ஏற்றம் என்று கொண்டால், இந்த விதிப்படி இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால், ஓய்வு, முதுகுச் சுமை, ஏணிகளில் காத்திருப்பு ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால், வழக்கமாக நடப்பவர்களுக்கே மூன்றரை மணி நேரம் தேவைப்படும். இறங்குவதற்குச் சுமார் 3 மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

திரும்பும் நேரமே முதல் முடிவு

பலரும் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது என்பதை மட்டுமே முடிவு செய்கின்றனர். உண்மையில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். டிசம்பர் மாதத்தில் இப்பகுதியில் மாலை 6 மணியையொட்டி சூரியன் மறைகிறது. ஒரு மணி நேரம் கையிருப்பாக வைத்தால் 5 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். இறங்க 3 மணி நேரம் என்றால், பிற்பகல் 2 மணிக்கு எந்த இடத்தில் நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட, திரும்பிவிட வேண்டும்.

காலை 6.30 மணிக்குப் புறப்படுபவர் 10 மணிக்கு உச்சியை அடைந்து, அரை மணி நேரம் ஓய்வெடுத்தாலும் பிற்பகல் 1.30 மணிக்குள் கீழே வந்துவிடுவார். மாறாக, காலையில் நகரத்தில் இருந்து கிளம்பி 11 மணிக்கு ஏறத் தொடங்குபவர், 2 மணிக்குள் உச்சியை எட்ட இயலாது. எனவே, முந்தைய இரவே அடிவாரப் பகுதியில் தங்குவது பாதுகாப்பானது.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம்

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மலை பசுமையாகக் காட்சியளிப்பதால், வார இறுதி நாட்களில் கூட்டம் அதிகரிக்கிறது. ஈரமான பாறையிலும் ஏணிப் படிகளிலும் கால் வழுக்கும் என்பதால் இறங்க 4 மணி நேரம் வரை ஆகலாம். ஆகஸ்டில் மாலை 7 மணியளவில்தான் இருட்டும் என்றாலும், திரும்பும் நேரத்தை 2 மணிக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. முடிந்தவரை வார நாட்களைத் தேர்வு செய்வது நல்லது.

இந்திய வானிலை ஆய்வு மையம் அப்பகுதிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிகளுக்குக் குறைவான இடைவெளி இருந்தால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்று பொருள். அந்நிலையில் உச்சியிலோ, இரும்பு ஏணி, கம்பிகளின் அருகிலோ நிற்கக் கூடாது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் கழித்தே பயணத்தைத் தொடர வேண்டும்.

எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

ஒருவருக்கு 3 லிட்டர் குடிநீர், உப்பு - சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், உணவு, முதலுதவிப் பொருட்கள், மழை அங்கி, டார்ச் விளக்கு ஆகியவை அவசியம். பகலிலேயே திரும்பும் திட்டம் என்றாலும் டார்ச் விளக்கைத் தவிர்க்கக் கூடாது. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும் என்பதால், உச்சியில் அடிவாரத்தை விட 5 டிகிரி வரை குளிர் கூடுதலாக இருக்கும். வழுக்காத அடிப்பகுதி கொண்ட, முன்பே அணிந்து பழகிய காலணியே ஏற்றது.

செல்லும் பாதை, திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் தெரிவித்துவிட்டுச் செல்ல வேண்டும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால், ஆம்புலன்ஸ் சாலை உள்ள இடம் வரை மட்டுமே வர முடியும். மலையில் காயமடைந்தவரை, அதே ஏணிகளின் வழியாகப் பிறர்தான் சுமந்து இறக்க வேண்டியிருக்கும். உச்சியை எட்டாமல் திரும்பியவர் மற்றொரு நாள் மீண்டும் ஏறலாம் என்பதை நினைவில் கொள்வதே, இந்தப் பயணத்துக்கான சிறந்த முன்னேற்பாடு.