அம்பயர் 'இல்லீகல் பிட்ச்'னு சொல்லிட்டாரா? குழந்தையைத் திட்டாதீங்க, மண்ணைப் பாருங்க!

சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர், பூங்காவை ஒட்டிய சாஃப்ட்பால் மைதானம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையைச் சக்கரம் மாதிரி சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை வீசுகிறாள். பேட்டரைத் தாண்டிப் பந்து கேட்ச்சரின் கையுறைக்குள் விழுகிறது. 'சூப்பர்' என்று கைதட்டப் போகும்போதுதான் கவனிக்கிறோம்... அம்பயர் முஷ்டியை மடக்கி, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறார். "இல்லீகல் பிட்ச்!"

அடுத்த பத்து நொடிதான் முக்கியம். வேலிக்குப் பின்னாலிருந்து அப்பா கத்துவார். எதிரணி கோச், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது. கண் கலங்கும். அடுத்த பந்து எங்கேயோ போகும்.

அமெரிக்காவில் இருக்கும் உங்க அக்கா மகள் சாஃப்ட்பால் ஆடுறாளா? வார இறுதியில் நீங்களே கோச்சுக்கு உதவப் போறீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

எதெல்லாம் தப்பு?

கிரிக்கெட்டின் நோ பால் மாதிரிதான் இதுவும். பிட்ச்சர், 'பிட்ச்சர் பிளேட்' என்ற ரப்பர் பலகையில் கால் வைத்து நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் சேர்த்து, பொதுவாக ஒரு நொடியாவது அசையாமல் நிற்க வேண்டும். வீசும் அசைவைத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. கையை இரண்டு சுற்று சுற்றக் கூடாது.

அதிகம் சண்டை வருவது கால் விஷயத்தில்தான். பலகையிலிருந்து தள்ளிய காலை மண்ணோடு இழுத்து வந்தால் பிரச்னை இல்லை. காலைத் தூக்கிப் பாயும் 'லீப்' பெண்கள் ஆட்டத்தில் நீண்ட காலம் தடையில் இருந்தது. இப்போது பல விதிப்புத்தகங்கள் அனுமதிக்கின்றன. ஆனால், பலகைக்கு முன்னால் காலை மறுபடி ஊன்றி, அங்கிருந்து இன்னொரு தடவை தள்ளி வீசினால் அது 'க்ரோ ஹாப்'. அது இன்னும் தப்புதான்.

தண்டனை என்ன?

பேட்டருக்கு ஒரு 'பால்' கணக்கில் சேரும். நாலு சேர்ந்தால் அவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துவிடலாம். முன்பெல்லாம் பேஸில் நிற்கும் ரன்னர்களும் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். பல விதிப்புத்தகங்கள் இப்போது அதை எடுத்துவிட்டன. உங்க லீக்கில் எந்த விதி என்று சீசன் தொடங்கும் முன்பே கேட்டுக்கோங்க.

அம்பயர் கை நீட்டினாலும் ஆட்டம் உடனே நிற்காது. பேட்டர் பந்தை அடித்து முதல் பேஸுக்குப் போய், மற்ற ரன்னர்களும் ஒரு பேஸாவது முன்னேறிவிட்டால், தண்டனை கிடையாது. இல்லையென்றால், நடந்த ஆட்டமா, தண்டனையா என்பதை பேட்டிங் அணியின் கோச் தேர்ந்தெடுக்கலாம்.

'குழந்தைதானே, விட்டுடுங்க!'

இப்படித்தான் பலரும் சொல்வார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், பலகையிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 35 அடி, 12-க்கு 40 அடி, அதற்கு மேல் 43 அடிதான் தூரம். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து 43 அடியைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. க்ரோ ஹாப்பில் பிட்ச்சர் இன்னும் ரெண்டு, மூணு அடி முன்னால் வந்துவிட்டால், எதிரே நிற்கும் குழந்தைக்கு என்ன நேரம் மிஞ்சும்?

இன்னொரு விஷயம். பத்து வயதில் யாரும் சொல்லாமல் விட்ட தப்பு, பதினாலு வயதில் பழக்கமாகியிருக்கும். பெரிய போட்டியில் கண்டிப்பான அம்பயர் ஒருவர் பந்துக்குப் பந்து கை நீட்டுவார். நாலு வருடப் பழக்கத்தை ஒரே மதியத்தில் மாற்ற முடியுமா? அன்றைக்கு அவமானப்படுவது அந்தப் பெண் மட்டும்தான். சின்ன வயதிலேயே மென்மையாகச் சொல்லிவிடுவதுதான் உண்மையான கருணை.

யார் என்ன செய்யணும்?

அம்பயர்: எந்த அணி என்று பார்க்காமல் ஒரே மாதிரி சொல்லணும். ஆட்டம் நின்றதும், 'கையைச் சேர்த்து நிக்கலைம்மா' என்று காரணத்தையும் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

கோச்: உள்ளேயிருந்து கத்தாதீங்க. டைம் கேட்டு, என்ன தப்பு என்று அம்பயரிடம் தெரிஞ்சுக்கோங்க. குழந்தையிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்க.

எதிரணி கோச்: அவள் கையைச் சுழற்றும்போது 'இல்லீகல்!' என்று கூவ வேண்டாம். இன்னிங்ஸ் இடைவேளையில் அம்பயரிடம் மெதுவாகச் சொன்னால் போதும்.

குடும்பம்: மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்து அம்பயரிடம் ஆட்டாதீங்க. அதை வீட்டுக்குக் கொண்டுபோங்க, பயிற்சிக்குப் பயன்படும்.

மண் பொய் சொல்லாது

பயிற்சியின்போது பலகைக்கு முன்னால் மண்ணைச் சமமாகத் தேய்த்துவிட்டு, ஒரு பந்து வீசச் சொல்லுங்க. பலகையிலிருந்து தொடர்ச்சியாகக் கோடு இருந்தால், கால் இழுபட்டிருக்கிறது. கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால், கால் தூக்கியிருக்கிறாள். ஓரடி தள்ளிப் புதிதாக ஒரு குழி தெரிந்தால், அங்கே மறுபடி ஊன்றியிருக்கிறாள். அப்போது பந்தே இல்லாமல், மெதுவாக, காலை மட்டும் இழுத்துப் பழக்குங்க. வேகம் பிறகு வரும்.

முக்கியமா, பலகைக்கு முன்னால் ஏற்கெனவே பள்ளம் இருக்கா என்று பாருங்க. பலர் மிதித்து உண்டான பள்ளத்தில் கால் தடுக்கும் என்று பயந்தே சில குழந்தைகள் காலைத் தூக்குவார்கள். பள்ளத்தை மூடுங்க, தப்பு தானாகவே போனாலும் போகும்.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருது. அதைப் பார்த்துப் பல குட்டிகள் கையைச் சுழற்றத் தொடங்குவார்கள். அம்பயர் கை நீட்டும் அந்த நொடியில் அவள் முதலில் திரும்பிப் பார்ப்பது உங்க முகத்தைத்தான். "ஒண்ணும் இல்லடா, அடுத்த பந்து போடு" என்று சிரிங்க. மிச்சத்தை மண்ணில் பார்த்துக்கலாம்.