சர்க்கரை உள்ள வியாபாரிக்கு இருமல் வந்தால்

மளிகைக் கடையும் மிளகாய் மண்டியும் வைத்திருப்போருக்கு இருமல் புதிதல்ல. மூட்டை பிரித்தால் நெடி, மாவு சலித்தால் தூசி. மூன்று வாரம் இருமினாலும் "மிளகாய் நெடிதான்" என்று சொல்லிக் கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம். சர்க்கரை நோயும் உள்ளவர்கள் அப்படி இருந்துவிடலாகாது.

சர்க்கரை பணக்காரர் வியாதி, காசநோய் ஏழை வியாதி என்பது பழைய பேச்சு. வளரும் நாடுகளில் இன்று இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் கணக்குப் பார்த்தபோது, சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிந்தது. தமிழ்நாட்டிலேயே காசநோயாளிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 25 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மேலும் 24 பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். ஆகப் பாதிப்பேர்!

காரணம் இதுதான். காசநோய்க் கிருமி காற்றில் வந்து நுரையீரலில் தங்கும். பெரும்பாலோர் உடம்பில் வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும், நோயாக வெளிப்படாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்த கிருமி தலைதூக்குகிறது.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல் ஆகியவை அடையாளங்கள். எடை குறைந்தால் "சர்க்கரை உடம்பு, இளைக்கத்தான் செய்யும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். (சிலர் தொந்தி கரைந்ததென்று மகிழ்வதும் உண்டு.) இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கட்டணமில்லை.

நோய் இருப்பது உறுதியானால் சாதாரணமாக ஆறு மாத மருந்து. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காசநோய்க் காய்ச்சலே சர்க்கரையை ஏற்றிவிடும். போதாக்குறைக்கு, ரிஃபாம்பிசின் என்னும் முக்கியமான காசநோய் மருந்து, சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். பழைய அளவு போதாமல் போகலாம். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். ஆகவே சர்க்கரை வைத்தியரிடம் காசநோயையும், காசநோய் வைத்தியரிடம் சர்க்கரையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

கடையை மூடிவிட்டுச் சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்று 1959இல் உலகத்திற்கே காட்டியது. வைத்தியர் சொல்லும் வரை சில வாரங்கள் கல்லாவில் வேறு ஆளை உட்கார வைத்தால் போதும்.

சிப்பந்திகளையும் பார்க்க வேண்டும். காற்றோட்டமில்லாத கிடங்கில் நாலைந்து பேர் படுத்துறங்கும் கடைகள் நம்மிடையே பல. ஒருவருக்கு இருந்தால் மற்றவரையும் பரிசோதிக்க வேண்டும். இருமும் பையனை ஊருக்கு அனுப்பிவிட்டால் மருந்து நடுவில் நின்றுபோகும். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. அது நோயாளியின் வங்கிக் கணக்கில் நேரே சேரும். பையனுக்குக் கணக்கு இல்லையென்றால் முதலாளியே உடன் சென்று ஒன்று தொடங்கிக் கொடுக்கலாம்.