காய்கறி வாங்கி நடத்திய யுத்தம்!

விசாகப்பட்டினம் போகிற நம் சகோதரிகள் பலர் சிம்மாசலம் நரசிம்மரைச் சேவித்து, ராமகிருஷ்ணா கடற்கரையில் கால் நனைத்து, அதோடு திரும்பிவிடுகிறார்கள். அதே கடற்கரையில் ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பலே கரையேறி நிற்கிறது. குழந்தைகளோடு அவசியம் போய்ப் பாருங்கள்.

'குர்சுரா' என்று பெயர். சோவியத் நாட்டில் கட்டியது. 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் பங்கெடுத்து, 2001-ல் ஓய்வு பெற்றது. 2002 முதல் மியூசியம். நீளம் 91 மீட்டர். வெளியே பார்த்தால் பிரம்மாண்டம். உள்ளே நுழைந்தால் நம் வீட்டு ரேழியே தேவலை! சுமார் 75 பேர் இதற்குள்தான் மாசக்கணக்கில் காலம் தள்ளியிருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள். டார்பீடோ குண்டுகளுக்குப் பக்கத்திலேயே தூக்கம். நான் வெகு நேரம் நின்றது சமையல்கட்டின் முன்னால்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. அதில் அத்தனை பேருக்கும் சமையல்! நல்ல தண்ணீரும் அளந்துதான். "அப்போ குளியல்?" என்று என் கடைக்குட்டி கேட்டாள். அதற்கெல்லாம் ஏதுடி தண்ணீர்!

அதே கடற்கரையில் 1996-ல் எழுப்பிய யுத்த வெற்றிச் சின்னமும் இருக்கிறது. அதன் கதை தெரியுமோ? 1971 நவம்பரில் நம் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலை வேட்டையாட, பாகிஸ்தானின் 'காஜி' என்ற நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் பத்திரமாக ஒதுங்கிவிட்டது. ஆனாலும் அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரி நம்ப வேண்டுமே! கிழக்குக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஊர்க் கான்டிராக்டர்களிடம் மூட்டை மூட்டையாகக் காய்கறியும் இறைச்சியும் ஆர்டர் கொடுத்தார். இத்தனை சாமான் எதற்கு, பெரிய கப்பல் வந்திருக்கிறது என்று ஒற்றர்கள் கணக்குப் போடட்டும் என்றுதான். போதாததற்கு, விக்ராந்திலிருக்கும் ஒரு மாலுமி, சீரியஸாக இருக்கும் தன் தாயார் எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பது போல வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி!

டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவையொட்டி, துறைமுகத்துக்கு வெளியே காஜி வெடித்து மூழ்கியது. நம் 'ராஜ்புத்' கப்பல் போட்ட குண்டுகளால் என்று நாம் சொல்கிறோம். விபத்து என்று அவர்கள் சொல்கிறார்கள். உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல் இன்னமும் அங்கேதான் கடலடியில் கிடக்கிறது. எதிரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குர்சுராவின் படுக்கைகளைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த 93 பேருக்கும் நிஜமாகவே ஒரு தாயார் இருந்திருப்பாளே!

குர்சுராவுக்குள் அறைக்கு அறை வட்ட வாசலில் குனிந்து, காலைத் தூக்கிவைத்துத்தான் நுழைய வேண்டும். முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டால் சௌகரியம். உள்ளே போக முடியாத பாட்டிகளை எதிர்ப்புறம் உட்கார்த்திவையுங்கள். அங்கே 29 வருஷம் கடலைக் காவல் காத்த 'டியு-142' விமானம், 2017-லிருந்து மியூசியமாக நிற்கிறது.