ஷார்ட் ஃபிலிம் எடுக்கணுமா? முதல்ல ஒரு லிஸ்ட் போடுங்க பாஸ்!

"மச்சி, செம ஒன்லைன் ஒண்ணு இருக்கு... ஷார்ட் ஃபிலிம் பண்றோம்!"

காலேஜ் கேன்டீனில் இந்த வசனத்தைப் பேசாதவர்கள் குறைவு. பேசியதை எடுத்து முடித்தவர்கள் ரொம்பவே குறைவு. நானும் முடிக்காத கோஷ்டிதான். டிப்ளமோ படிக்கும்போது நாலு பேர் சேர்ந்து 22 பக்க ஸ்க்ரிப்ட்டோடு கிளம்பினோம். ரெண்டு நாள் ஷூட்டிங் நடந்தது. மூணாவது நாளுக்குத் தேதி அமையறதுக்குள்ள ஹீரோவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. தாடியை எடுத்துட்டு பஸ் ஏறிட்டான். அந்த ஃபோல்டர் இன்னும் என் ஹார்டு டிஸ்க்கில் தூங்குது.

இப்போ யோசிச்சா, கேமராவையோ கதையையோ குறை சொல்ல முடியலை. ப்ளான்தான் சொதப்பல். அதை எப்படிச் சரியா போடுறது?

கையில் இருப்பதை எழுதுங்க

ராபர்ட் ரோட்ரிகஸ் 'எல் மரியாச்சி' (1992) படத்தை சுமார் 7,000 டாலரில் எடுத்தார். காசு கொடுக்காமல் என்னவெல்லாம் கிடைக்கும் என்று யோசித்து, அதற்கேற்ப கதை எழுதினார். நண்பர் வழியாகக் கிடைத்த பண்ணை, பார், பஸ், நாய்... எல்லாமே படத்தில் வந்தன.

உங்க லிஸ்ட்ல என்ன இருக்கு? மாமாவோட மளிகைக்கடை, மொட்டை மாடி, கேமரா முன்னாடி கூச்சப்படாத தம்பி? போதும். போன்ல எடுத்தா படமாகுமான்னு சந்தேகம் வேண்டாம். 'டேன்ஜரின்' (2015) ஐபோன் 5எஸ்ஸில் எடுத்த படம்தான்.

துண்டு துண்டா வெட்டுங்க

ஸ்க்ரிப்ட்டில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம். முதல் படத்துக்கு 4 பக்கம் தாண்டாதீங்க.

உதாரணமா ஒரு ஒன்லைன்: மளிகை வாங்க வரும் பையன், கடைக்காரரின் கடன் நோட்டில் தன் அப்பா பெயரைப் பார்க்கிறான். இதில் மூணு காட்சிதான். வீட்டிலிருந்து கிளம்புவது, கடை, வீடு திரும்புவது. காட்சிக்கு 5 ஷாட் வைத்தால் மொத்தம் 15.

கதை வரிசையில் ஷூட் பண்ண வேண்டாம். வீட்டுக் காட்சிகள் ரெண்டையும் ஒரே காலையில் முடிச்சிடுங்க. கடைக்கு இன்னொரு நாள். பையன் போட்டிருந்த சட்டை, தலைமுடியை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

மாறிப்போறதை முதல்ல எடுங்க

சத்யஜித் ரே 1952-ல் 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் நாள் ஷூட்டிங்கை நாணல் பூக்கள் பூத்திருந்த வெளியில் நடத்தினார். ஒரு வாரம் கழித்து திரும்பிப் போனால், பூவையெல்லாம் மாடுகள் தின்று தீர்த்திருந்தன! மிச்சத்தை எடுக்க அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருந்தார். படம் 1955-ல் வெளியானது.

அவருக்குப் பூ, எங்களுக்குத் தாடி. உங்களுக்கு எது? செமஸ்டர் லீவு, ஊர்த் திருவிழா, வெளியூர் போகப்போற நண்பன்... சீக்கிரம் கைவிட்டுப் போகும் விஷயங்களை வட்டம் போட்டு, அந்த ஷாட்களை முதல் நாளிலேயே எடுத்துடுங்க.

எல்லோருக்கும் தோதான நாள்

கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998). டீமில் இருந்தவர்கள் வேறு வேலை பார்த்ததால், சனிக்கிழமைகளில் ஷூட்டிங் வைத்து ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்தார்கள். ஃபிலிம் செலவு ஜாஸ்தி என்பதால் ரிகர்சலை பக்காவா முடித்து, ஓரிரு டேக்கிலேயே ஓகே பண்ணினார்கள். ரிகர்சலுக்குக் காசு ஆகாதே!

ஷூட்டிங்குக்கு முந்தின ராத்திரி போனில் இடம் காலி பண்ணிடுங்க. ஷூட்டிங்கில் ஃப்ளைட் மோட் கட்டாயம். ஒலிப்பதிவுக்கு இன்னொரு போனை நடிகரின் சட்டைப் பையில் வெச்சிடுங்க.

கடைசியா ஒண்ணு. ஷூட்டிங் தேதியோடு ரிலீஸ் தேதியையும் இப்பவே முடிவு பண்ணி, பத்து நண்பர்களை மொட்டை மாடிக்கு அழைச்சிடுங்க. ஆள் வர்றாங்கன்னா எடிட்டிங் தானா நடக்கும்.

நாலு நிமிஷப் படமா இருந்தாலும், 'முற்றும்' கார்டு போட்ட படம் ஒண்ணு உங்க பேர்ல இருக்கும். என்கிட்ட இருப்பது 22 பக்க ஸ்க்ரிப்ட் மட்டும்தான் பாஸ்!