மோட்டார் ரூம் சாவி

மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் சித்தியின் வீடு. முன்கட்டு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, சுவர் ஒன்றரை அடி இருக்கும். மாடி பிற்பாடு எழுப்பிய கான்கிரீட். ஃபைபர் வந்து முடிகிற பெட்டி வாசல் அறையில். அடுக்களையில் வீடியோ கால் நின்று நின்று வரும், மாடியில் ஒன்றுமே வராது.

"மெஷ் வாங்கினா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எதை வாங்கறதுன்னு நீ சொல்லு" என்று இஞ்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கு சித்தி. சிக்னல் எப்படிப் போகுதுங்கறது ஒண்ணு. பெட்டிக்கு உத்தரவு எங்கிருந்து வருதுங்கறது இன்னொண்ணு" என்றேன். கடையில் பேசுவதெல்லாம் முதல் விஷயத்தைப் பற்றித்தான். இரண்டாவதை நாமாகக் கேட்டால்தான் உண்டு.

முதலில் சிக்னல். வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று முக்கியமாக இரண்டு அலைவரிசைகள். முந்தையது சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. பிந்தையது வேகமானது, தடித்த சுவர் ஒன்றிரண்டு குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் சிக்னலுக்குப் பகை. மெஷ் என்பது ஒரே பெயரில் இயங்கும் இரண்டு மூன்று பெட்டிகளை வீட்டில் பரவலாக வைத்து, போன் போகுமிடமெல்லாம் பக்கத்துப் பெட்டியைப் பற்றிக்கொள்ளச் செய்வது. பலர் இரண்டாவது பெட்டியை சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கே எதுவும் எட்டாதபோது அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, பெட்டிகளுக்கு இடையே கேபிள் இழுத்துவிடுவது. கேபிள் இல்லாமல், ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொன்னால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்தி வீட்டில் பழைய லேண்ட்லைனுக்குப் போட்ட குழாய் மாடிவரை போகிறது. அதிலேயே கேட்-6 ஒயரை இழுத்துவிடலாம்.

தி. நகர் அடுக்குமாடிகளில் கதை வேறு. அங்கே சுவரைவிட அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபைதான் தொல்லை. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அங்கே சக்தி கூடிய ஒரே பெட்டியைத் தேடுவதில் பயனில்லை. சிறிய பெட்டிகளை 5 கிகாஹெர்ட்ஸில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போதும்.

இனி இரண்டாவது விஷயம். இதற்காகத்தான் டீ ஆறினாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்தேன்.

சித்தியின் மகள் இருக்கும் ஃப்ளாட்டில் மோட்டார் ரூம் சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருக்கும். ஒரு நாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, மேல் டேங்க் மட்டும் காலி. கிளவுட் வழியாக மட்டுமே கட்டுப்படுத்த முடிகிற வைஃபை அப்படிப்பட்டதுதான். பெட்டி நம் வீட்டில் இருக்கும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றவோ, புது இணைப்பின் விவரத்தை ஏற்றவோ, கம்பெனியின் ஆப்பைத் திறந்து, கம்பெனியின் அக்கவுண்டில் நுழைந்து, எங்கோ இருக்கும் கம்பெனிக் கணினியிடம் சரி வாங்கினால்தான் முடியும்.

"அப்போ நம்ம பேசறதெல்லாம் அவங்க வழியாப் போகுதா?" என்று சித்தி கேட்டார். இல்லை. பொதுவாகப் படமும் பேச்சும் நேராகத்தான் போகும், உத்தரவுதான் சுற்றிப் போகிறது. ஆனால் வீட்டில் எத்தனை கருவிகள், எது எப்போது விழித்திருக்கிறது என்ற கணக்கு அங்கே சேர வழி உண்டு.

சாவி கம்பெனியிடம் இருந்தால் என்ன ஆகும்? 2017 பிப்ரவரியில் கூகுளின் அக்கவுண்ட் பக்கம் ஏற்பட்ட கோளாறில் பலருடைய கூகுள் வைஃபை, ஆன்ஹப் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டன. வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை. அந்த ஆன்ஹப் 2015-இல் விற்பனைக்கு வந்தது. 2023 ஜனவரியோடு அதன் நிர்வாகத்தை கூகுள் நிறுத்தியது. சிக்னல் வரும், ஆனால் ஆப்பிலிருந்து எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. நல்ல நிலையில் இருந்த பெட்டிகள்!

எனக்கு இது உறைத்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. அடையாறில் எங்கள் தெருவில் கரண்ட் வந்தும் நெட் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு வேறு கம்பெனி இணைப்பு இருந்தது, அவர் ஒரு ஒயரைக் கொடுத்தார். அதை ஏற்க என் பெட்டியில் ஒரே ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். ஆப்பைத் திறந்தால் "இணையத்தில் இணையவும்" என்றது. மொபைல் டேட்டாவும் இல்லை. இணையம் வர அமைப்பை மாற்ற வேண்டும், அமைப்பை மாற்ற இணையம் வேண்டும். அன்று ராத்திரி அம்மாவின் நலம் கேட்டு வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்த அக்காவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தவிப்பு இன்னும் போகவில்லை.

இதற்கு மாற்று உள்ளூர்க் கட்டுப்பாடு. அதாவது, பிரவுசரில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரியை அடித்ததும் வீட்டுப் பெட்டியே பக்கத்தைத் திறந்து காட்டுவது. இதில் சில வகை உண்டு. ஆசுஸ் ஏய்மெஷில் முதன்மை ரவுட்டரின் பக்கத்திலேயே எல்லாம் முடியும். ரக்கஸ் அன்லீஷ்டில் பெட்டிகளில் ஒன்றே தலைவனாகிவிடும். டிபி-லிங்கின் ஒமாடா, யுபிக்விட்டியின் யூனிஃபை இரண்டுக்கும் கன்ட்ரோலர் என்ற மென்பொருள் உண்டு. அதைச் சொந்தக் கணினியிலோ தனிச் சிறு பெட்டியிலோ ஓட்டலாம், அது அணைந்தாலும் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். அதே டிபி-லிங்கின் டீக்கோ, பெரும்பாலும் ஆப்பையும் அக்கவுண்டையும் நம்பியது. கம்பெனி ஒன்றுதான், சாவி இருக்குமிடம் வேறு. ஆகவே பிராண்டைக் கேட்டு வாங்காதீர்கள், மாடல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

கற்றுக்கொள்ளப் பொறுமை இருப்பவர்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் இருக்கிறது. லிங்க்சிஸ் தன் நீல ரவுட்டரின் மூல நிரலை 2003-இல் வெளியிட வேண்டி வந்தது. அதிலிருந்து 2004-இல் தன்னார்வலர்கள் தொடங்கியது இது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ பெட்டிகளுக்கு இன்றும் புது மென்பொருள் தருகிறது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். சித்திக்குச் சிபாரிசு செய்யவில்லை.

"நியூஜெர்சியில இருந்து பையன் பார்த்துச் சரிபண்ணுவானே, அது போயிடுமா?" நியாயமான கேள்வி, மயிலாப்பூரில் பாதி வீட்டின் கேள்வி. ஒமாடாவிலும் யூனிஃபையிலும் கிளவுடை வேண்டும்போது இணைக்கலாம், வேண்டாதபோது துண்டிக்கலாம். துண்டித்தாலும் வீட்டுப் பக்கம் திறக்கும். நான் கேட்பது அவ்வளவுதான். வீட்டுக்கே விபிஎன் போட்டும் அவன் உள்ளே வரலாம். ஆனால் பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதால், ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இன்வெர்ட்டரையும் மறக்கக் கூடாது. வைஃபையைப் பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட், நெட்வொர்க் ஒயரிலேயே கரண்டை வாங்கிக்கொள்ளும் வகையாக இருந்தால், ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அந்தக் கரண்டைத் தரும் பிஓஇ சுவிட்ச் மூன்றையும் இன்வெர்ட்டரில் போட்டால் போதும், மாடிப் பெட்டியும் அணையாது. சென்னை மழைக்காலத்துக்கு இதைவிட உருப்படியான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

ரிச்சி தெருக் கடைகளில் "ரேஞ்ச் எவ்வளவு" என்று கேட்பதற்கு முன் "அக்கவுண்ட் போடாம செட்டப் ஆகுமா?" என்று கேட்கச் சொன்னேன். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், கம்பெனி தளத்தில் அந்த மாடலின் கையேட்டை இறக்கி முதல் சில பக்கங்களைப் படித்தால் தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் ஒரு சிறு ரவுட்டரும் கூரையில் பொருத்தும் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டும் வந்தன. எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஃபைபர் ஒயரைக் கழற்றினேன். மாடியிலிருந்த சித்தியிடம் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வீட்டுப் பெட்டியின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். "பாதுகாப்பில்லாத தளம்னு பயமுறுத்துதே" என்றார். அது நம் வீட்டுப் பெட்டி தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழ், வெளியார் முத்திரை இல்லாததால் பிரவுசர் அப்படிச் சொல்கிறது, முகவரி சரியாக இருந்தால் தாண்டிப் போகலாம் என்றேன். பக்கம் திறந்தது. அவரே விருந்தாளிகளுக்கான வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினார், பிறகு கீழே வந்து, கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அட்மின் பாஸ்வேர்டையும் 192.168 முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.