தொனியைத் திருத்தும் திருகுகள்

இசையிலே மந்தரம், மத்திமம், தாரம் என மூன்று ஸ்தாயிகள் உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். மெலிவு, சமன், வலிவு என்று இவற்றைப் பண்டைத் தமிழர் வழங்கினர். வானொலிப் பெட்டியின் முகத்திலே 'பேஸ்' என்றும் 'ட்ரெபிள்' என்றும் குறிக்கப்பட்ட இரண்டு திருகுகளும் ஏறத்தாழ இப்பாகுபாட்டையே கையாளுகின்றன. ஆனால், பாடகரின் சுருதியை அவை தொடுவதில்லை. ஒலியிற் கலந்திருக்கும் கனத்த பகுதியையோ கூரிய பகுதியையோ ஓங்கச் செய்வதும் ஒடுங்கச் செய்வதுமே அவற்றின் தொழில்.

ஒரு விநாடியில் நிகழும் அதிர்வுகளை ஹேர்ட்ஸ் என்னும் அளவாற் கணக்கிடுவர். இளஞ்செவி 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். முதுமையில் மேலெல்லை குறுகிவிடும். அதிர்வு இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறியதாகும். ஈக்குவலைசர் எனப்படும் சமன்செய் கருவியில் 31, 62, 125, 250 என்று தொடங்கி 16,000 வரை வரிசையாக நிற்கும் பத்துப் பிடிகளும் ஒவ்வொரு ஸ்தாயிக்கு ஒன்றாக அமைந்தவையே. தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம் முதற்சில பிடிகளுக்குள் அடங்கும். ஆண்மகன் குரலின் அடிப்படை அதிர்வு 125ஐ ஒட்டியது. பெண்ணின் குரலுக்கு அது 200ஐ ஒட்டி நிற்கும். ஆயினும் சொல்லைச் சொல்லாக உணர்த்துபவை மெய்யொலிகள். அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் 1,000க்கும் 4,000க்கும் இடையே கிடக்கின்றன. இதனை நேயர்கள் மனத்திலிருத்துதல் வேண்டும்.

சமன் செய்தல் என்னும் பெயர் தொலைபேசியிலிருந்து வந்தது. நெடுந்தூரக் கம்பியிற் செல்லும் குரலின் கூரிய பகுதி வழியிலே தேய்ந்துபோகும். தேய்ந்ததை மீட்டுப் பழைய சமநிலைக்குக் கொணர்வதே அக்கருவியின் முதல் நோக்கம். பழைய வால்வு வானொலிகளிலோ தொனித் திருகு ஒன்றேயிருக்கும். கூரிய ஒலியைக் குறைப்பதன்றி வேறெதுவும் அதனால் இயலாது. கூட்டவும் குறைக்கவும் வல்ல எளிய சுற்றொன்றை இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்டார். இன்றும் பல பெட்டிகளின் உள்ளே இருப்பது அதன் வழிவந்ததே.

திருகு கைக்கு எட்டிவிட்டது, அளவுதான் எட்டவில்லை. இரண்டையும் வலக்கோடி வரை முறுக்கி வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கறியில் உப்பையும் புளியையும் ஒருங்கே கொட்டிவிட்டுச் சுவையைத் தேடுவதற்கு இது ஒப்பாகும். பதுளைக்கு அருகே, நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களின் லயன் வீட்டை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய லயன் அறைகளிற் பெரிதும் காணப்படும் அளவு. 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறக்குறைய 11 அடி. ஆகவே கனத்த ஒலி அவ்வறைக்குள் சுவருக்குச் சுவர் மோதித் தானாகவே ஓங்கும். பெட்டியை மூலையில் வைத்தால் இன்னும் ஓங்கும். அதன்மேல் பேஸ் திருகையும் ஏற்றினால் பாட்டு மறைந்து முழக்கமே எஞ்சும். அம்முழக்கம் சுவரைக் கடந்து செல்லும். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் அடுத்த காம்பராத் தொழிற்சாலைத் தொழிலாளிக்குப் பாட்டின் ஒரு சொல்லும் கேளாது. இடி மட்டும் கேட்கும். முதலிற் பெட்டியை மூலையினின்று இரண்டடி நகர்த்துங்கள். செலவில்லாத திருத்தம் இதுவே.

திருகைக் கூட்டுவதற்கு வேறு விலையும் உண்டு. டெசிபல் என்னும் அளவில் 6 கூட்டினால், அப்பகுதிக்குப் பெட்டி நான்கு மடங்கு மின்வலு கொடுக்கவேண்டும்; 12 கூட்டினால் பதினாறு மடங்கு. சிறு பெட்டிக்கு அவ்வலு ஏது? குரல் உடைந்து கரகரக்கும். கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கி கனத்த ஒலியை ஏறக்குறைய எழுப்பவே மாட்டாது. அதனிடம் பேஸ் கேட்பது வீண். அவ்வாறே மத்திய அலை ஒலிபரப்பில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வருவது மிகச் சொற்பம். அங்கே ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சலே வளரும். இல்லாததைத் திருகு படைக்காது. ஆதலின், ஒன்று போதவில்லையெனத் தோன்றும்போது மிகையாக உள்ள மற்றொன்றைக் குறைத்துப் பார்ப்பதே தக்கது. காமன்கூத்துப் பதிவில் தப்பின் அடி தெளியவில்லையெனின், 125ஐயும் 250ஐயும் சற்றே இறக்குங்கள்; அடி தானே வெளிவரும்.

ஒன்றுமட்டும் விதிவிலக்கு. மெல்லிய அளவிற் கேட்கும்போது நம் செவி கனத்த ஒலியைக் குறைவாகவே உணரும். இதனை 1933இல் பிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் அளந்து காட்டினர். ஆகவே இரவிலே மெதுவாகக் கேட்போர் பேஸைச் சிறிது ஏற்றிக்கொள்ளலாம். காலையில் ஒலியைக் கூட்டும்போது அதனை இறக்க மறவாதிருத்தல் வேண்டும்.

இனி மழைக்காலத்துக்கு வருவோம். 2014 அக்டோபர் 29 அன்று, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்களை மூடியதை ஊவா மக்கள் மறந்திலர். மண்சரிவு எச்சரிக்கைகள் பிரதேசத்தின் பெயர் சொல்லி அறிவிக்கப்படுகின்றன. பதுளை, பசறை என்னும் பெயர்கள் இரண்டும் ஒரே எழுத்திற் தொடங்கி ஒரே உயிரொலியில் முடிவன. து, ச, ள, ற என்னும் இடையொலிகளே அவற்றை வேறாக்குகின்றன. தகரக் கூரைமேல் மழை கொட்ட, பேஸ் திருகும் கோடியில் நிற்குமாயின், எவ்வூருக்கு எச்சரிக்கை என்பது விளங்காது. அவ்வேளையில் பேஸை முற்றிலும் இறக்குங்கள். பிடிகள் உள்ள கருவியாயின் 2,000ஐச் சிறிது ஏற்றுங்கள். இரு திருகுகளே உள்ளதாயின் ட்ரெபிளை நடுவிற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். கனத்த ஒலிக்குச் செலவான வலு மீதமாகும். அதன் பின்னர் ஒலியளவைக் கூட்டினால் குரல் உடையாது. பெட்டியைச் செவியின் உயரத்தில், கேட்போரை நோக்கி வையுங்கள். வீட்டிலுள்ள முதியவர் எப்பக்கம் அமர்ந்திருக்கிறாரோ, அப்பக்கமே அதன் முகம் இருக்கட்டும்.